கோடையில் நீச்சல் குளம்: இராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீச்சல் குளம் கட்டிக் கொடுப்பவர்கள் கடைசியில் மோட்டாரையும் ஃபில்டரையும் ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மார்கழி, தை மாதத்தில் அது போதும். பங்குனி பிறந்ததும் நிலைமை மாறும். சித்திரை, வைகாசியில் குளத்துத் தண்ணீரின் சூடு 30 டிகிரியைத் தாண்டும். காலையில் போட்ட குளோரின் மத்தியானச் சாப்பாட்டுக்குள் காணாமல் போகும். இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் சுவர் வழுக்கத் தொடங்கும், அப்புறம் பச்சை. அந்த நேரத்தில் உதவிக்கு வருகிறவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, பேசாம தண்ணியத் தொறந்து விட்டுட்டுப் புதுசா ரொப்பிருவோம்."

அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீரையும் ஊருணியையும் லாரியையும் நம்பியிருக்கும் மாவட்டம் இது. குளம் நிறைய நல்ல தண்ணீரைக் கொல்லையில் திறந்துவிடுவது பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துச் செய்யக்கூடிய காரியமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பக்கம் மணலைக் கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் குளத்தைக் காலி செய்தால், கீழிருந்து தள்ளும் நீர் தரையை விரிசல் விடச் செய்யும், சில சமயம் தொட்டியையே மேலே தூக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே கீழே சொல்வது அத்தனையும் ஒரே கணக்குதான்: ஒருமுறை நிரப்பிய தண்ணீரை அடுத்த மழைக்காலம் வரை கெடாமல் கொண்டுபோவது.

முதலில் குளத்தின் கொள்ளளவு

இது தெரியாமல் எந்த மருந்தையும் போட முடியாது. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடிக் கணக்கில் பெருக்கி, வருவதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். சராசரி ஆழம் என்பது ஆழம் குறைந்த முனையையும் கூடிய முனையையும் கூட்டிப் பாதியாக்கியது. 24 அடி நீளம், 12 அடி அகலம், நாலரை அடி சராசரி ஆழம் என்றால் சுமார் 36,700 லிட்டர். இந்தக் குளத்தையே கடைசி வரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். உங்கள் குளத்தின் எண்ணை மோட்டார் அறைச் சுவரில் பெயிண்டால் எழுதிவிடுங்கள். யார் வந்து மருந்து போட்டாலும் கைக்கு வந்த அளவில் போடாமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

ஆயிரம் லிட்டரில் ஒரு கிராம் கலந்தால் அது ஒரு பிபிஎம். நம் உதாரணக் குளத்துக்கு ஒரு பிபிஎம் என்றால் சுமார் 37 கிராம்.

எந்தத் தண்ணீர்

போர் தண்ணீர் என்றால் முதலில் டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி) பாருங்கள். கடலோரத்தில் ஒரே தெருவில்கூட வீட்டுக்கு வீடு மாறும். உப்பு அதிகமான தண்ணீர் பம்பையும் ஏணியையும் அரிக்கும். கடினத்தன்மை அதிகமானால் டைல்ஸில் வெள்ளைப் படிவு ஏறும். கோடையில் தினமும் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பும் சுண்ணாம்பும் அங்கேயே நிற்கும். அந்த இடத்தை மறுபடியும் போர் தண்ணீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால் முதல் நிரப்புக்குக் கொஞ்சம் சுமாரான தண்ணீர் என்றாலும், தினசரி ஈடுகட்டுவதற்கு உப்புக் குறைந்த தண்ணீராகப் பாருங்கள். இரும்பு கலந்த போர் தண்ணீர் என்றால் குளோரின் போட்டதும் பழுப்பாக மாறும். பயப்பட வேண்டாம், ஃபில்டர் அதை மெல்லப் பிடித்துவிடும்.

"கடல் பக்கத்திலேயே இருக்கே, கடல் தண்ணியை ஏத்திட்டா என்ன?" என்று கேட்காதவர் குறைவு. வேண்டாம். அரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். கடல் நீரில் இயற்கையாகவே புரோமைடு உண்டு. குளோரின் போட்டால் அது புரோமினாக மாறிவிடும், குளோரினை வெயிலிலிருந்து காக்கும் மருந்து புரோமினைக் காக்காது.

இன்னொரு கேள்வி, உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் இயந்திரம் பற்றியது. அந்த இயந்திரங்களுக்குப் பொதுவாக 3,000 முதல் 4,000 பிபிஎம் உப்பு வேண்டும். நம் போர் தண்ணீரில் அது ஏற்கெனவே இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் நம் போரில் வருவது சமையல் உப்பு மட்டுமில்லை. கூடவே வரும் கால்சியமும் மெக்னீசியமும் இயந்திரத்தின் தகடுகளில் படிந்து அதை முடக்கிவிடும். கடினத்தன்மையைச் சோதித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

தினமும் பார்க்க வேண்டிய எண்கள்

துளி விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். மஞ்சள் நிறம் காட்டுவது மலிவு, ஆனால் அது செயலிழந்த குளோரினையும் சேர்த்துக் காட்டும். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி வகைதான் உண்மையில் வேலை செய்யும் குளோரினைத் தனியாகச் சொல்லும். கோடையில் தினம் ஒருமுறை, சாயங்காலம் பாருங்கள். முழங்கை ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்க வேண்டும், மேல் நீரை அள்ளக் கூடாது.

குளோரின் 1 முதல் 3 பிபிஎம்; கோடையில் 3-ஐ ஒட்டியே வைத்திருங்கள். பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 7.2 முதல் 7.6. காரத்தன்மை (பிஎச் சட்டென்று மாறாமல் பிடித்து நிறுத்துவது) 80 முதல் 120 பிபிஎம், இது வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 என்பார்கள். நம் தண்ணீரில் அது பெரும்பாலும் தானாகவே அந்த எல்லையைத் தாண்டி நிற்கும், அதனால் பிஎச்சைத் தாழ்வாக வைத்துத்தான் படிவைத் தடுக்க முடியும்.

இதில் புதியவர்கள் கோட்டை விடுவது பிஎச். பிஎச் 7.5 இருக்கும்போது குளோரினில் பாதி கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8-க்குப் போனால் கால் பங்குகூட இருக்காது. மருந்து போட்டுக்கொண்டே இருக்கிறேன், பாசி போகவில்லை என்பவர்களின் குளத்தில் பிஎச்சைப் பாருங்கள். பிளீச்சிங் பவுடர் போடப் போட அது ஏறும். குறைப்பதற்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட். நம் உதாரணக் குளத்துக்கு 250 மில்லியிலிருந்து தொடங்குங்கள். ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றிக் கலக்கி (ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது), மோட்டார் ஓடும்போது ஆழமான பக்கத்தில் பரவலாக விடுங்கள். நாலு மணி நேரம் கழித்துப் பார்த்துவிட்டு அடுத்தது. காரத்தன்மை குறைந்திருந்தால் சமையல் சோடா: ஆயிரம் லிட்டருக்கு 17 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும்.

குளோரின்: எது, எவ்வளவு, எப்போது

கடையில் நாலு வகை கிடைக்கும். நம் குளத்தில் ஒரு பிபிஎம் ஏற்ற, 65 சதவீதக் குளோரின் குருணை 56 கிராம் வேண்டும். பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் 120 கிராம். 10 சதவீதத் திரவக் குளோரின் 370 மில்லி. டிசிசிஏ எனப்படும் 90 சதவீத மாத்திரை 41 கிராம்.

பிளீச்சிங் பவுடர் ஊருக்கு ஊர் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அதில் சுண்ணாம்பு அதிகம். ஊராட்சித் தொட்டிக்காரர்கள் செய்வதுபோல வாளியில் கரைத்து, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் குளத்தில் ஊற்றுங்கள். கசடு வேண்டாம். திறந்த மூட்டையும், நம் கடற்காற்றின் ஈரமும், தகரக் கூரையின் சூடும் சேர்ந்தால் இரண்டு மூன்று மாதத்தில் அதில் வீரியம் இருக்காது. சின்னச் சின்னதாக வாங்குங்கள். திரவக் குளோரினும் வெயிலில் அப்படியே செத்துப்போகும்.

மாத்திரை போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்பதால் எல்லோருக்கும் அதன்மேல் ஆசை. அதில் சயனூரிக் அமிலம் என்னும் ஸ்டெபிலைசர் கலந்திருக்கிறது. வெயிலில் குளோரின் சாகாமல் காப்பது அதுதான். அது இல்லாத திறந்த குளத்தில் உச்சி வெயில் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதிக் குளோரினைத் தின்றுவிடும். ஆனால் ஸ்டெபிலைசர் ஆவியாகாது, கரைந்தும் போகாது. மாத்திரை மூலம் 10 பிபிஎம் குளோரின் போட்டால் 6 பிபிஎம் ஸ்டெபிலைசர் சேரும். 30 முதல் 50 வரை நல்லது. 100-ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் வேலை செய்யாது. அப்போது பாதித் தண்ணீரை வெளியேற்றுவதைத் தவிர வேறு மருந்து இல்லை. நாம் தவிர்க்க நினைப்பதே அதைத்தான். ஆகவே என் யோசனை: கோடை தொடங்கும்போது ஸ்டெபிலைசரை 30-க்குக் கொண்டுவந்துவிட்டு (நம் குளத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல்), தினசரிக்குக் குருணையோ திரவமோ பயன்படுத்துங்கள். மாத்திரை, ஊருக்குப் போகும் நாட்களுக்கு மட்டும்.

நேரம், சூரியன் இறங்கிய பிறகு. இராத்திரி முழுக்க அது வேலை செய்யும். கோடையில் தினம் 2 முதல் 3 பிபிஎம் வரை குறையும் என்று வைத்துக்கொண்டு, சோதனையில் வருவதைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

இப்போது சொல்வதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். டிசிசிஏ மாத்திரையும் பிளீச்சிங் பவுடரும் ஒரே டப்பாவில், ஒரே வாளியில், ஒரே கரண்டியில்கூடச் சேரக் கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆசிட்டும் எந்தக் குளோரினும் சேர்ந்தால் விஷவாயு வரும். இரண்டையும் வேறு வேறு அறையில் வையுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் பவுடரைப் போட வேண்டும், பவுடரில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

குளத்தில் இறங்கியதும் கண் எரிகிறது, மருந்து வாடை அடிக்கிறது என்றால் குளோரின் கூடிவிட்டது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் நேர்மாறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாக்கும் குளோரமைன் அது. அதைப் போக்க இன்னும் குளோரின்தான் போட வேண்டும்.

மோட்டாரும் ஃபில்டரும்

கோடையில் தினம் 8 முதல் 10 மணி நேரம் ஓடட்டும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் எடுக்கும். விடியற்காலை ஒரு பகுதி, மருந்து போட்ட சாயங்காலத்திலிருந்து ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்ளலாம். மின்வாரியப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை என்று அறிவித்தால் முந்தின இரவு கூடுதலாக ஓட்டிவிடுங்கள். மின்சாரம் திரும்பியதும் பம்பின் முன்னால் இருக்கும் கூடைப் பெட்டியில் தண்ணீர் நிற்கிறதா என்று மூடி வழியாகப் பாருங்கள். வறண்டு ஓடினால் சீல் கருகிவிடும்.

பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி ஃபில்டர் மணலைக் கழுவுவது, தினமும் வேண்டாம். ஒரு தடவைக்கு 300 முதல் 500 லிட்டர் போகும். கொஞ்சம் அழுக்குப் பிடித்த மணல்தான் நன்றாக வடிகட்டவும் செய்யும். மணல் சுத்தமாக இருக்கும்போது கேஜ் காட்டும் அழுத்தத்தைக் குறித்து வையுங்கள். அதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால்தான் பேக்வாஷ். மோட்டாரை அணைக்கவும். ஃபில்டரில் தண்ணீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியை பேக்வாஷில் வைத்து, மோட்டாரைப் போட்டு, கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டவும். அணைக்கவும். ரின்ஸில் வைத்து அரை நிமிடம். மறுபடி அணைத்து ஃபில்டரில் வைக்கவும். மோட்டார் ஓடும்போது கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் போய்விடும்.

அந்தத் தண்ணீரை ஊருணிக்கும் ஓடைக்கும் கடலுக்கும் விடாதீர்கள். இந்தப் பக்கம் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் பவளப்பாறைகளும், அந்தப் பக்கம் பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைகளும் இருக்கின்றன. கொல்லையில் ஒரு குழியில் தேக்கி இரண்டு நாள் வெயில்பட விட்டால் குளோரின் போய்விடும். பிறகு தென்னைக்குப் பாய்ச்சலாம், உப்பைத் தென்னை ஓரளவு தாங்கும்.

ஏணி, கைப்பிடிகளுக்கு 304 ஸ்டீலைவிட 316 நல்லது. எதுவானாலும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்புக் காற்று பழுப்புக் கறை ஏற்றும்.

காற்று கொண்டுவருவதும் மனிதர் கொண்டுவருவதும்

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் சீமைக் கருவேலத்தின் பொடி இலை வலையின் கண்ணுக்குள் புகுந்து போகும். சாதாரண வலைக்கு மேல் ஒரு பழைய வெள்ளை வேட்டித் துணியைக் கட்டி அள்ளுங்கள். குப்பை எந்த மூலையில் ஒதுங்குகிறது என்று பார்த்தால் மிதக்கும் குப்பையை உள்ளிழுக்கும் ஸ்கிம்மர் எங்கே இருக்க வேண்டும் என்பதும் தெரியும். புதிதாகக் கட்டுபவர்கள் காற்று போகும் திசையில் வைக்கச் சொல்லுங்கள். பறந்துவரும் கடல் மணல் அடியில் தங்கிவிடும், ஃபில்டர் வரை போகாது. வாரம் ஒருமுறை வேக்யூம் போட்டே ஆக வேண்டும். சுவரை வாரம் இருமுறை பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், ஏணிக்குப் பின்னாலும் படிக்கட்டு மூலையிலும் முக்கியமாக. நீர் ஓட்டம் குறைந்த அந்த இடங்களில்தான் பாசி தொடங்கும்.

பச்சை ஷேட் நெட் கட்டி நிழல் கொடுப்பது நல்ல செலவு. குளோரின் மிஞ்சும், சூடும் ஆவியாவதும் குறையும். கீற்றுப் பந்தல் அழகுதான், ஆனால் ஆடிக் காற்றில் அது பாதி குளத்துக்குள் கிடக்கும்.

மனிதர்கள் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு நேராகக் குளத்தில் குதிக்கும் பழக்கம் நிற்க வேண்டும். எண்ணெய் டைல்ஸ் ஓரமாக ஒரு வளையமாகப் படியும், குளோரினை வீணாக்கும். சமையல் சோடாவும் ஸ்பாஞ்சும் வைத்துத் தேய்த்தால் அது போகும். பாத்திரம் கழுவும் சோப் போட்டால் நாலு நாள் நுரைதான். அரியமானில் கடலில் ஆடிவிட்டு வரும் பிள்ளைகள் குழாயடியில் மணலையும் உப்பையும் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும். சலவை சோப் மணக்கும் கைலியோடும் நைட்டியோடும் இறங்கினால் நூலும் சோப்பும் கூடையில் சேரும். விருந்தாளிகளிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் குளத்துக்குப் போகும் வழியிலேயே ஒரு ஷவர் வைத்துவிடுங்கள்.

பச்சையாகிவிட்டால்

தண்ணீரைத் திறந்துவிடாமலே மீட்கலாம். பெரும்பாலும் மூன்று நான்கு நாள் போதும்.

1. வலையால் குப்பையை முழுக்க எடுத்துவிட்டு, சுவர், தரை எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தேய்த்துப் பாசியைத் தண்ணீரில் கலக்கிவிடுங்கள். ஒட்டியிருக்கும் பாசியை மருந்து எளிதில் தொடாது.
2. பிஎச்சை 7.2-க்குக் கொண்டுவாருங்கள்.
3. சூரியன் இறங்கிய பிறகு 10 பிபிஎம் குளோரின். நம் குளத்துக்கு 65 சதவீதக் குருணை சுமார் 560 கிராம். சின்னச் சின்ன வாளிகளாகக் கரைத்து ஊற்றுங்கள்.
4. மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டுங்கள். இந்த நாட்களில் மட்டும் பேக்வாஷ் தினம் ஒன்றிரண்டு முறை தேவைப்படும்.
5. காலையில் குளோரின் காணாமல் போயிருந்தால் சாயங்காலம் மறுபடியும். இராத்திரி முழுக்க ஒரு பிபிஎம்முக்கு மேல் குறையாத நிலை வந்தால் பாசி செத்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் சாம்பல் வெள்ளையாக மங்கி நிற்கும்.

அந்த மங்கலை ஃபில்டரே இரண்டு நாளில் தெளிய வைக்கும், பொறுமை இருந்தால். அவசரம் என்றால் படிகாரம்: ஆயிரம் லிட்டருக்கு 10 முதல் 20 கிராம், கரைத்து ஊற்றி, சற்றுச் சுழலவிட்டு, மோட்டாரை அணைத்து இரவு முழுக்க அசையாமல் விட வேண்டும். காலையில் அடியில் படிந்ததை மெதுவாக வேக்யூம் செய்து, மல்டிபோர்ட்டை வேஸ்டில் வைத்து நேராக வெளியே தள்ள வேண்டும். ஃபில்டருக்குள் விட்டால் மணல் அடைத்துக்கொள்ளும். இதில் கொஞ்சம் தண்ணீர் போகும். பிஎச்சும் இறங்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். மயில்துத்தம் போடச் சொல்வார்கள். பாசி போகும்தான், கூடவே டைல்ஸில் கறை, தலைமுடியில் பச்சைச் சாயல், வெளியேறும் இடத்தில் மீன்களுக்கு விஷம். தேவையில்லை.

குளத்தின் அடி தெளிவாகத் தெரியாதவரை யாரையும் இறக்காதீர்கள். மங்கிய தண்ணீரில் மூழ்கிய பிள்ளை கண்ணுக்குத் தெரியாது. குளோரினும் 3-க்கு இறங்கியிருக்க வேண்டும்.

ஆவியா, கசிவா

வெயிலும் காற்றும் சேர்ந்த நாளில் 6 மில்லிமீட்டர் குறைவது இயல்பு. நம் உதாரணக் குளத்தில் அது 160 லிட்டர், மாதத்துக்கு 4,800 லிட்டர். அதற்கு மேல் குறைகிறது என்று தோன்றினால் ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிப் படிக்கட்டில் வையுங்கள். உள்ளும் வெளியும் நீர்மட்டம் சமமாக இருக்கட்டும். ஒரு நாள் கழித்து வாளியைவிடக் குளம் அதிகம் இறங்கியிருந்தால் கசிவு. சமமாக இறங்கியிருந்தால் வெயிலின் வேலை.

மழைக்காலத்தில் மாடி நீரைக் குளத்துக்குத் திருப்பக் குழாய் போட்டுவைத்தால், ஆயிரம் சதுர அடி மாடியில் 50 மில்லிமீட்டர் மழைக்கு 4,600 லிட்டர் வரை கிடைக்கும். முதல் மழையில் மாடியைக் கழுவவிட்டு, அடுத்ததிலிருந்து பிடியுங்கள். உப்பில்லாத நீர், ஒரு கோடை முழுக்கச் சேர்ந்த சுண்ணாம்பையும் ஸ்டெபிலைசரையும் நீர்க்கச் செய்யும்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது

பள்ளி விடுமுறையில் பத்து நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், முந்தின நாள் சுவரைத் தேய்த்து, வேக்யூம் போட்டு, இரவில் குளோரினை 5-க்கு ஏற்றுங்கள். மிதவை டப்பாவில் மாத்திரைகளை நிரப்பி விடுங்கள். மாத்திரையைத் தரையில் போட்டால் அந்த இடம் வெளுத்துப் போகும். மோட்டாருக்கு ஒரு டைமர் மாட்டுங்கள். நின்ற தண்ணீரில் குளோரின் தீர்ந்தால் ஒரு வாரம், பத்து நாளில் கொசு பெருகிவிடும், இராமேசுவரம் தீவுப் பக்கம் மலேரியாவும் புதிதில்லை. குளத்தைச் சுற்றியுள்ள வேலியின் கதவைப் பூட்டிச் சாவியைத் தோட்டக்காரரிடம் கொடுத்து, கூடையைத் தினம் ஒருமுறை தட்டச் சொல்லுங்கள். மருந்து அறைச் சாவி மட்டும் உங்களிடமே இருக்கட்டும்.